அடம்பு முதல் பாலை வரை

கோடியக்கரையில் உலக்கைப் பாலை அடர்ந்த காட்டுக்குள் தரையைக் கிளறினால் கிடைப்பது கடற்கரை மணல்தான். காற்றோடு அலையும் மணல்மேட்டில் பசுமை மாறாத காடு எப்படி எழுந்தது?

கரையோரத்தில் முதலில் வேர்விடும் செடிக்கு நிழலும் இல்லை, உரமும் இல்லை. பகலில் மணல் கொதிக்கும். உப்புச்சாரல் இலையைக் கருக்கும். பலத்த காற்று ஒரே நாளில் செடியை மூடிவிடும். இத்தனையையும் தாங்குபவை சிலவே. அடம்பின் விதை கடல்நீரில் மிதந்து கரைசேரும். அதன் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். மணல் மூடினால் மேலே எழுந்து மறுபடி படரும். இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டோடி விதை பரப்பும். இந்தச் செடிகள் தரையை ஒட்டி வீசும் காற்றைத் தணிக்கின்றன. தணிந்த காற்று தான் சுமந்துவந்த மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. மேட்டை வளர்ப்பதும் நிலைநிறுத்துவதும் இவைதாம்.

மணல் நிலைத்ததும் மண்ணின் குணம் மாறத் தொடங்கும். சருகு மக்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும். பூஞ்சை இழைகள் மணற்பரல்களைப் பிணைக்கும். மழை உப்பைக் கழுவி இறக்கும். முன்மேடு காற்றை வாங்கிக்கொள்வதால் பின்புறம் சாரல் குறையும். அங்கே எருக்கு, தாழை, சங்கங்குப்பி போன்ற புதர்கள் தழைக்கும். புதரில் வந்தமரும் பறவைகளின் எச்சத்தோடு விதைகள் விழும். அந்த நிழலில் பாலை, நாவல் போன்ற மரக்கன்றுகள் பிழைக்கும். முழு வெயில் கேட்கும் அடம்புக்கு அங்கே இனி இடமில்லை. தான் பண்படுத்திய நிலத்தைப் பிற செடிகளுக்கு விட்டுவிட்டு, கடலோரப் புதுமணலில் அது தழைக்கிறது.

இந்த வரிசையைத் தெளிவாக விளக்கியவர்களில் முன்னோடி அமெரிக்கத் தாவரவியலாளர் ஹென்றி கௌல்ஸ். மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளைப் பற்றி 1899இல் அவர் எழுதிய ஆய்வு சூழலியலின் அடித்தளங்களில் ஒன்று. கரையருகே இளைய மேடு, உள்ளே போகப் போக மூத்த மேடு. ஆகவே கரையிலிருந்து உள்நோக்கி நடந்தால், ஒரே மேட்டில் பல நூற்றாண்டுகளில் நடக்கும் மாற்றங்களை அடுத்தடுத்துப் பார்த்துவிடலாம்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் சவுக்குத் தோப்புகள் பெருகின. சவுக்கு வேகமாக வளரும், காற்றையும் தடுக்கும். ஆனால் அது உதிர்க்கும் கனத்த சருகின்மேல் அடம்பும் புல்லும் தலைதூக்குவது அரிது. அலையோரம் வரை நட்டால் ஆமைகள் முட்டையிடும் திறந்த மணலும் சுருங்கும். புயலில் அலை முன்மேட்டை அரித்தாலும், கொடிகள் மிஞ்சியிருந்தால் மணலைப் பிடித்து மேட்டை மீண்டும் எழுப்பும். மரம் அந்த வேலையைச் செய்யாது.

கரையைக் காக்க நினைத்தால் அடம்பும் புல்லும் படர்ந்த முன்வரிசையைத் தரிசென்று அழிக்காமல் விட வேண்டும். மரம் நடுவதானால் அதற்குப் பின்னே, மணல் நிலைத்த இடத்தில், அந்த மண்ணுக்குரிய புன்னையையும் பாலையையும் நடலாம்.