துண்டுச் சீட்டும் அகதி அட்டையும்

பௌர்ணமி இரவில் அண்ணாமலையைச் சுற்றி நடப்பவர்களுக்கு அடிஅண்ணாமலை என்றால் அங்குள்ள பழைய சிவன் கோயில்தான் நினைவுக்கு வரும். 14 கிலோமீட்டர் நடையில் கால் கெஞ்சத் தொடங்கும் இடம் அது. அந்த ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. நடப்பவர்களில் பலருக்கு அது தெரியாது. கண் மலையின் மேல் இருக்கும்போது பாதையோரம் யார் குடியிருக்கிறார்கள் என்று யார் பார்ப்பது?

தமிழக முகாம்களில் ஆண்களுக்குப் பெரும் பிழைப்பு பெயிண்ட் வேலைதான். தீபத் திருவிழா நெருங்கினால் திருவண்ணாமலையில் லாட்ஜ், சத்திரம், மடம் என்று எல்லாச் சுவர்களும் புதுச் சுண்ணாம்பு கேட்கும். கையில் பக்கெட்டும் ரோலருமாக, முழங்கை வரை வெள்ளைப் புள்ளி தெறித்த ஒருவர் டீக்கடையில் நின்றால், "அண்ணே, உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். நாம் பேச்சை ஆரம்பிக்கக் கேட்கிற கேள்வி. அவருக்கு அது 200 வருஷத்துக் கேள்வி.

தமிழக முகாம்களில் இருக்கும் சுமார் 58 ஆயிரம் பேரில் ஏறத்தாழ பாதிப் பேர் மலையகத் தமிழர்கள். அதாவது யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ வேர் உள்ளவர்கள் அல்லர். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், வட ஆற்காடு, தென்னாற்காடு ஜில்லாக்களிலிருந்து இலங்கை மலைகளின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள். இன்றைய திருவண்ணாமலை மாவட்டமே அன்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. போளூர், ஆரணி, வந்தவாசி வட ஆற்காட்டில். திருவண்ணாமலை தாலுகா தென்னாற்காட்டில். இந்த மண்ணிலிருந்து புறப்பட்டவர்களின் வாரிசுகளை இந்த மண்ணிலேயே வேலி கட்டி, அகதி என்று பெயரெழுதி வைத்திருக்கிறோம். இது எப்படி நடந்தது என்று கேட்டால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு காகிதம் நிற்கிறது.

காகிதத்துக்கும் முன்னால் ஓலை. திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே, பெண்ணையாற்றங்கரையில் திருவெண்ணெய்நல்லூர். சுந்தரர் கல்யாணத்தில் கிழவர் ஒருவர் வந்து, "உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது, நீ எனக்கு அடிமை" என்று வழக்காடியது அந்த ஊர்ச் சபையில்தான். சுந்தரர் பிடுங்கிக் கிழித்தது படியோலை. மூல ஓலை கிழவரிடம் பத்திரமாக இருந்தது. பாட்டன் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துச் சபை தீர்ப்புச் சொன்னது. வந்தவர் இறைவன் என்பதால் நமக்கு அது பக்திக் கதை. ஆனால் பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பதைக் கேட்டு அந்தச் சபையில் யாரும் திகைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊரறிந்த வழக்கமாக இருந்தால்தான் கதையில் அப்படி வரும்.

வெள்ளைக்காரன் அடிமை முறையை ஒழித்தான் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். 1833ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய அந்தச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. இந்தியாவுக்கு 1843 வரையும் இலங்கைக்கு 1844 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் கண்டி மலைகளில் காப்பித் தோட்டம் கிளம்பிவிட்டது. அடிமை என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கூலி என்ற சொல்லை வைத்தார்கள். அதுவும் நம்முடைய சொல்தான்.

ஆற்காட்டுச் சீமையில் படியாளாக இருந்த குடும்பங்களுக்கு ஊரில் மிஞ்சியது கடனும் பஞ்சமும். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இந்தப் பக்கத்துக் கிராமங்களைக் காலி செய்தது. அப்போதெல்லாம் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வருவார். அந்நியர் அல்ல; சொந்தக்காரர், தெரிந்த சாதி, பக்கத்து ஊர். கையில் முன்பணம் கொடுப்பார். அந்தப் பணத்தில் ஊர்க்கடனை அடைத்துவிட்டுக் குடும்பம் கிளம்பும். வழிச்செலவு, சோறு, துணி எல்லாம் கணக்கில் ஏறும். தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தபோது தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்துதான் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தினார்கள்.

தோட்டத்தில் ஒரு காகிதத்துக்குப் பெயர் துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. இந்த ஆட்களின் பேரில் இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன் என்று அதில் இருக்கும். புதுத் துரை கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, கைமாறும். ஆளும் கைமாறுவார். 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறை. 1901 வாக்கில் தகர வில்லை ஒன்றும் வந்தது. டின் டிக்கெட் என்பார்கள். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்திய சிறு தகடு. கயிற்றில் கோத்துக் கொடுத்து அனுப்புவார்கள். அதைக் காட்டினால் வழிநெடுகச் சோறும் ரயிலும் கிடைக்கும். அத்தனையும் கடன் கணக்கில் சேரும். தாலிக்கயிறு தொங்கிய கழுத்தில் இதுவும் தொங்கியது.

துண்டு முறையையும் சிறைத் தண்டனையையும் 1921இல்தான் எடுத்தார்கள். படியோலை கிழிந்தது, அவ்வளவுதான்.

1947 தேர்தலில் மலையகத் தமிழர் தம் கட்சியின் சார்பில் ஏழு பேரை இலங்கைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு வருஷமே, சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பன், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தோட்டக் குடியிருப்பான லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்கு யார் பிறப்புப் பதிவு செய்து வைத்திருப்பார்கள்? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் லால்பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் உட்கார்ந்து கணக்குப் பிரித்தார்கள். மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம், மீதி ஒன்றரை லட்சம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த ஒன்றரை லட்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். எருமை மாட்டை விற்றால்கூட மாட்டைப் பிடித்துப் பார்ப்பார்கள். இந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பி வந்தவர்களின் பாடு தனிக்கதை. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் முன்பணம் வாங்கி, கொத்தடிமைகளாகச் சிக்கிக்கிடந்த தாயகம் திரும்பிய குடும்பங்களின் நிலை 1980களில் வெளியே வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்திருந்தது. முன்பணம் என்ற கயிறு மட்டும் அறுபடவில்லை; செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் இருளர் குடும்பங்களை இன்றும் கட்டுவது அதே கயிறுதான்.

இந்தியாவுக்கு வராமல் இருந்தவர்களில் பலர் 1977, 1983 கலவரங்களில் மலையை விட்டு ஓடி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறினார்கள். அங்கே போர் துரத்தியது. தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் அதற்குள் நின்றுவிட்டது. இந்தியக் குடியுரிமை கிடைத்தும் கப்பல் ஏற முடியாமல் பல்லாயிரம் பேர் அங்கே மாட்டிக்கொண்டார்கள். ஒப்பந்தப்படி கப்பலில் வந்திருந்தால் குடிமகன். உயிருக்குப் பயந்து படகில் வந்ததால் அகதி. சட்டத்தின் மொழியில் சட்டவிரோதக் குடியேறி. மண்டபம் முகாமைப் போய்ப் பாருங்கள். தோட்டத்துக்குப் போகும் கூலிகளை நோய்ச் சோதனைக்காக நிறுத்திவைக்க இலங்கை அரசு அமைத்த இடம் அது. போனவர்களும் அதன் வழியே போனார்கள். அவர்கள் பேரர்களும் அதன் வழியே அகதிகளாக உள்ளே வந்தார்கள்.

முகாம் வாழ்க்கையில் செக்கிங் என்று ஒரு நாள் உண்டு. வெளியூர் வேலைக்குப் போயிருந்தாலும் வந்து ஆள் முகம் காட்ட வேண்டும். தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்த பாட்டியின் ஞாபகம் அங்கே நிற்கும் எத்தனை பேருக்கு வருமோ. தமிழக அரசு 2021இல் நல்ல காரியம் செய்தது: 317 கோடி ரூபாய்த் திட்டம், 7,469 புது வீடுகள், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் உதவி, அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. ஆனால் குடியுரிமை கொடுப்பது மாநில அரசின் கையில் இல்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை வந்து பதிவு செய்தவர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிப்பதில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு உத்தரவிட்டது. தண்டிக்கமாட்டோம் என்பது வேறு, நீ எங்கள் ஆள் என்பது வேறு.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. மொரிசியஸுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் ஏழாம் தலைமுறை வரை வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை தருவதாக 2024இல் இந்தியா அறிவித்தது. சந்தோஷம்தான், வரட்டும். அவர்களுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களுக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. ஜில்லா, தாலுகா, கிராமம், அப்பன் பெயர் வரை எழுதியிருக்கும். நேட்டால் பட்டியல்களில் வட ஆற்காட்டுக் கிராமங்கள் வரிசையாக வருகின்றன. இலங்கைக்குக் கங்காணி பின்னால் நடந்து போனவர்களை அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. கடனைப் பைசா பிசகாமல் எழுதியவர்கள் ஊர்ப்பெயரை எழுதவில்லை. ஏழு தலைமுறைக்கு முன் கடல் கடந்தவரின் வாரிசு நமக்கு உறவு. மூன்று தலைமுறைக்கு முன் போய்த் திரும்பி, நம் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர் நமக்கு அந்நியரா?

2025 மே மாதம், தண்டனை பெற்ற இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் வாய்மொழியாகச் சொன்னது. அந்த வழக்கின் நியாயம் வேறு. ஆனால் அந்த வார்த்தை முகாம்களில் எல்லார் காதிலும் விழுந்தது. மலையகத்தார் கேட்பது சத்திரத்தில் இடம் அல்ல, பாட்டன் வீட்டுத் திண்ணை. 2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இதைத்தான் பார்த்தார். முகாமில் வாழும் மலையக வம்சாவளியினர் 65 பேரின் வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை வாங்கிப் பரிசீலிக்க உத்தரவிட்டார். மத்திய அரசு இனியாவது 1964 ஒப்பந்தத்தின் மீதிக் கணக்காக இவர்களை எடுத்துக்கொண்டு குடியுரிமை தர வேண்டும். நாம் கையெழுத்துப் போட்ட மூல ஓலை அது.

அதுவரை ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் வாக்களித்தார். உங்களுடன் படித்தவர், வேலை பார்ப்பவர், உங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர் யாராவது அந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்த முகாம்காரர் என்றால், பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் அவர் பிறந்த ஆஸ்பத்திரிக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் கூடப் போய் நில்லுங்கள்.