ராகமாலையும் முல்லைத்திணையும்

மட்டாஞ்சேரி குஜராத்தித் தெருவில் நண்பர் ஒருவரின் கடையில் ஒரு படம் மாட்டியிருந்தது. கறுத்த மேகம், மழை, நடுவே ஆடும் கண்ணன். சாமி படம் என்றே நினைத்தேன். "இது மேக ராகம்" என்றார் சிரித்துக்கொண்டே.

இப்படி ராகங்களை உருவமாக எழுதிய சித்திர வரிசைக்கு ராகமாலை என்று பெயர். ஆறு ராகம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து ராகினி, ஆக 36 படம் என்பது பெருவழக்கு. தோடி என்றால் வீணை ஏந்திய பெண், பக்கத்தில் மான்கள். ராகத்துக்குத் தியான சுலோகம் உண்டு, அதன்படி ஓவியம். கேரளச் சுவரோவியரும் தெய்வங்களைத் தியான சுலோகப்படியே எழுதினார்கள். நம் மட்டாஞ்சேரி அரண்மனையில் போய்ப் பாருங்கள்.

தெரிந்தவரை பழைய ராகப் படங்கள், ஏறக்குறைய 1475இல் மேற்கிந்தியாவில் எழுதிய சமணக் கல்பசூத்திர ஏட்டின் ஓரங்களில் உள்ளன. அது சுவேதாம்பரர் நூல், நாங்கள் திகம்பரர். இருந்தாலும் மனசு குளிர்ந்தது.

தமிழிலோ படத்துக்கு முன்பே இலக்கணம் இருக்குது. முல்லைக்கு மாயோன், கார்காலம், மாலைப்பொழுது. அதற்கென்றே யாழும் உண்டு. மேக ராகத்திலும் இதே சேர்க்கைதானே! ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சாதிக்க வரவில்லை. ஆதாரமில்லாத பெருமை, நிறுக்காத சரக்கு.

இடக்கொச்சியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு மலையாளம் வருது, இங்கிலீஷ் வருது, திணை மட்டும் தெரியாது. இந்தப் படத்தைக் காட்டி முல்லையைச் சொல்லிக் கொடுங்கள். பிடித்துக்கொள்வார்கள்.