மனத்தோடு மனம் மோதும் சித்திரக் கதைகள்

மாங்கா என்ற சொல்லைச் சித்தூர் மாவட்டத்தில் சொன்னால் கேட்பவர்க்கு ஊறுகாய்தான் நினைவுக்கு வரும். கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகும் நாடு இது. இக்கட்டுரை கூறப்போகும் மாங்கா வேறு. ஜப்பானியர் தம் சித்திரக் கதைகளுக்கு வழங்கும் பெயர் அது. நம் விடுதியில் நள்ளிரவு தாண்டியும் விளக்கெரியும் அறைகளுள் எத்தனை அறைகளில் பாடம் நடக்கிறது, எத்தனை அறைகளில் மாங்கா நடக்கிறது என்பதை விடுதிக் காப்பாளரிடம் நான் சொல்லப்போவதில்லை.

மாங்காக்களில் வகைகள் பல. அவற்றுள் ஒருவகைக் கதையில் வாட்போர் இல்லை. மந்திரமும் மிகுதியாக இல்லை. இருவர் எதிரெதிரே அமர்ந்து சிந்திக்கின்றனர். ஒருவன் நினைப்பதை மற்றவன் ஊகிக்கிறான்; அவன் அப்படி ஊகிப்பான் என்பதை இவனும் ஊகிக்கிறான். இதைப் பக்கம் பக்கமாக நாம் மூச்சடக்கிப் படிக்கிறோம். இதில் அப்படி என்ன கவர்ச்சி?

நமக்குப் பழக்கமான ஓர் ஆட்டத்திலிருந்து தொடங்குவோம். வேலூர்ப் பக்கம் நாங்கள் ஆடுபுலி ஆட்டம் என்பதை இங்குள்ள தெலுங்கு நண்பர்கள் புலி ஜூதம் என்கின்றனர். புலி மூன்று, ஆடு பதினைந்து, காய் வைக்கும் இடங்கள் இருபத்து மூன்று. பழங்கோயில் மண்டபங்களின் கல்தரையில் இக்கட்டம் கீறப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அறிவுக்கு நல்ல வேலை தரும் ஆட்டந்தான். ஆயினும் அதில் மறைவு என்பதே இல்லை. எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரியும். நன்றாகக் கணக்குப் பார்ப்பவன் வெல்வான். எதிரில் இருப்பவன் முகத்தை அவன் ஏறிட்டுப் பார்க்கவும் வேண்டியதில்லை. சீட்டைக் கவிழ்த்துப் பிடித்த கணத்தில்தான் எதிராளியின் மனமும் ஆட்டத்தின் ஒரு காயாகிறது.

ஃபுகுமோட்டோ நொபுயுகி எழுதி வரைந்த ‘கைஜி’ 1996-இல் வெளிவரத் தொடங்கியது. அதில் வரும் ஓர் ஆட்டத்தை விளக்கினால் போதும், இவ்வகைக் கதையின் உயிர்நிலை விளங்கிவிடும். இருவருக்கும் ஐந்தைந்து சீட்டுகள். ஒருவனிடம் ஒரு பேரரசனும் நான்கு குடிமக்களும். மற்றவனிடம் ஓர் அடிமையும் நான்கு குடிமக்களும். பேரரசன் குடிமகனை வெல்வான். குடிமகன் அடிமையை வெல்வான். இழப்பதற்கு ஒன்றுமில்லாத அடிமை பேரரசனை வெல்வான். குடிமகனும் குடிமகனும் சந்தித்தால் சமன். அடுத்த சீட்டுக்குப் போகலாம்.

சற்று எண்ணிப் பாருங்கள். அடிமைப் பக்கத்தான் வெல்ல ஒரே வழி, பேரரசன் இறங்கும் அதே சுற்றில் தன் அடிமையை இறக்குவது. முந்தினாலும் தோல்வி, பிந்தினாலும் தோல்வி. இருவரும் குருட்டாம்போக்கில் ஆடினால் ஐந்தில் ஒருமுறைதான் அது வாய்க்கும். அதனால் அடிமைப் பக்கம் வென்றால் ஐந்து மடங்கு பரிசு. ஏட்டில் பார்த்தால் நியாயமாகவே தோன்றும்.

புள்ளியியல் படிப்பவனிடம் கேட்டால் விடை ஒரு வரியில் முடிந்துவிடும். இத்தகைய ஆட்டங்களில் இருவருக்கும் ஒரு சமநிலை உண்டு என்பதை ஜான் வான் நாய்மன் 1928-இல் நிறுவினார். பேரரசனை எந்தச் சுற்றில் இறக்குவது என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிட்டால், எதிராளி எத்துணைக் கெட்டிக்காரனாயினும் ஐந்தில் ஒன்றுக்கு மேல் அவனால் பெற முடியாது. ஆனால் கதையில் எவனும் குலுக்கலுக்கு விடுவதில்லை. “இவன் அவசரக்காரன், முதலிலேயே இறக்குவான்” என்று ஒருவன் நினைக்கிறான். “என்னை அவசரக்காரன் என்று எண்ணியிருப்பான், ஆகவே பொறுப்போம்” என்று மற்றவன் நினைக்கிறான். கணக்கு முடியும் இடத்தில் கதை தொடங்குகிறது.

அங்கே ஒரு சூதும் உண்டு. கைஜியின் காதில் பொருத்திய கருவி அவனுடைய நாடித்துடிப்பையும் வியர்வையையும் எதிராளிக்குக் களவாகக் காட்டிக்கொடுக்கிறது. அவன் சீட்டை மறைத்தான். உடலை மறைக்க முடியவில்லை. படிக்கும்போது எனக்குத் தோன்றியது இது: சீட்டைப் பாராமல் குலுக்கி எடுத்திருந்தால், தன் கையில் இருப்பது எதுவென்று தனக்கே தெரியாதவனின் நாடி எதைச் சொல்லிவிடும்? இவ்வாறு ஆசிரியரோடு படிப்பவனும் மோதலாம் என்பதே இக்கதைகளின் பெரிய கவர்ச்சி. விதிகளை முன்கூட்டியே நமக்கும் சொல்லிவிடுகிறார்கள். கதாநாயகனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். ஆயினும் அவன் கண்டதை நாம் காணவில்லை.

ஓபா ட்சுகுமி எழுத ஒபாடா டகேஷி வரைந்த ‘டெத் நோட்’ (2003 முதல் 2006 வரை) இதற்கு நல்ல சான்று. பெயர் எழுதினால் ஆளைக் கொல்லும் ஏடு ஒரு மாணவன் கையில் கிடைக்கிறது. அவனைத் தேடும் துப்பறிவாளன், உலகெங்கும் ஒளிபரப்பாவதாகக் கூறி ஒருவனைத் தொலைக்காட்சியில் பேச வைத்து வம்புக்கிழுக்கிறான். சினங்கொண்ட மாணவன் அந்த ஆளைக் கொன்றுவிடுகிறான். உண்மையில் அந்த ஒளிபரப்பு ஜப்பானின் கான்டோ வட்டாரத்துக்கு மட்டுமே போயிற்று! ஒரே வீச்சில் உலகம் ஒரு வட்டாரமாகச் சுருங்கிவிட்டது. கொன்றதால் அவன் வென்றானில்லை. தன் இருப்பிடத்தைச் சொல்லிவிட்டான்.

இது நமக்குப் புதிதா? ‘அம்புலிமாமா’ தமிழ்க் குழந்தைகளுக்குத் தந்த விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை நினையுங்கள். விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் தலை வெடிக்கும். திறந்தால் பிணம் மீண்டும் மரமேறும். இரண்டும் இழப்பாகும்படி விதியை அமைத்தவன் எவனோ, அவன் மாங்கா ஆசிரியர்களுக்கு முப்பாட்டன் என்பேன்.

இனி, பெரியோர் சிலர் கேட்கும் கேள்வி. வஞ்சகத்தையும் சூதையும் மாணவர்க்குக் கற்பிக்கும் கதைகளா இவை? கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை ஆந்திர அரசு 2020-இல் தடை செய்தது; நாடு முழுமைக்குமான சட்டம் 2025-இல் வந்தது. அவ்வளவு தூரம் போகுமளவுக்கு இளைஞர் பணம் போயிருக்கிறது. என்னோடு படித்த ஒருவன் கைப்பேசியில் சீட்டாடித் தேர்வுக் கட்டணத்தை இழந்து, அதை மீட்கக் கைப்பேசியிலேயே கடனும் வாங்கினான்.

ஆனால் ‘கைஜி’ எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். கைஜி சூதாடிக் கடன்பட்டவன் அல்லன். உடன் வேலை செய்தவன் வாங்கிய 3 இலட்சம் யென் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன். கடன்காரன் ஓடிவிட்டான். மாதம் நூற்றுக்கு இருபது, வட்டிக்கு வட்டி. பதினான்கு மாதத்தில் 38 இலட்சத்து 50 ஆயிரம்! ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்று எண்ணி நானே பெருக்கிப் பார்த்தேன், 1.2-ஐப் பதினான்கு முறை பெருக்கினால் 12.8 வருகிறது, கணக்கு சரியே. மீட்டர் வட்டியை அறிந்த நம்மூர்க்காரர்க்கு இதற்கு உரை தேவையில்லை. அந்த நண்பனிடம் இந்த முதல் அத்தியாயத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “வட்டி எவ்வளவென்று நான் பார்க்கவே இல்லையடா” என்றான். இருவரும் உட்கார்ந்து அன்றிரவே அவன் கணக்கைப் போட்டோம். மறுநாள் அவன் வீட்டுக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னான்.

எல்லா மாங்காவும் இப்படி என்று வாதிட நான் வரவில்லை. வெறும் தந்திரத்தை அடுக்கிச் சலிப்பூட்டுபவையும் உண்டு. கைட்டானி ஷினோபுவின் ‘லையர் கேம்’ வேறு திசையில் போகிறது. ஏமாற்றுக்காரர் நடுவே அகப்பட்ட ஏமாளிப் பெண் ஒருத்தி, எல்லோரும் ஒருவரையொருவர் நம்பினால் யாரும் கடன்படாமல் வெளியேறலாம் என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் கூறிக்கொண்டே இருக்கிறாள். கணக்குப்படி அவள் சொல்வது சரி. யார் முதலில் நம்புவது என்பதுதான் கதை.

பேரரசன், அடிமை ஆட்டத்தை ஆடிப் பார்க்கப் பத்து அட்டைத் துண்டுகள் போதும். காசு வைக்க வேண்டாம். ஐம்பது ஆட்டம் ஆடி அடிமை வென்றதை எண்ணுங்கள். பத்தையொட்டி வந்தால் இருவரும் ஒருவரையொருவர் படிக்கவில்லை. இருபதைத் தாண்டினால், பேரரசனை வைத்திருந்தவர் யாரென்று எனக்கும் சொல்லுங்கள். அவரோடு ஆட எனக்கு ஆசை.