தனிப்பயிற்சிக்கு ஆசிரியரைத் தேடும்போது

பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளைகள் கால்மணி நேரத்திற்குள் வேறொரு பையுடன் மீண்டும் புறப்படும் காட்சியை மாலைதோறும் நம் தெருக்களில் காண்கின்றோம். 'டியூசன்' என்று வழக்கில் வழங்கும் தனிப்பயிற்சி, வசதி படைத்தோர் வீட்டு வழக்கமாக இருந்த நிலை மாறி, நாட்கூலி பெறுவோரும் வயிற்றைக் கட்டிச் செய்யும் செலவாகிவிட்டது. ஒரு புடவை எடுக்கப் பத்துக் கடை ஏறி இறங்கும் நாம், பிள்ளைக்கு ஆசிரியரைத் தேடும்போது மட்டும் 'எதிர்வீட்டுப் பையன் அங்கேதான் போகிறான்' என்னும் ஒரு சொல்லோடு நிறைவடைந்து விடுகின்றோம். அத்தேர்வை எவ்வாறு செய்வது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண், தனிப்பயிற்சி தேவைதானா என்பதை அறிதல் வேண்டும். மதிப்பெண் குறைந்தவுடன் ஆசிரியரைத் தேடி ஓடுவதினும், வகுப்பாசிரியரை ஒருமுறை சந்தித்து, எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் பிள்ளை தளர்கிறது என்று கேட்டறிவது நன்று. கரும்பலகையின் எழுத்துத் தெரியாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு வேண்டுவது மூக்குக் கண்ணாடியே அன்றித் தனிப்பயிற்சி அன்று. பள்ளி, அதன்பின் மதரஸா, அதன்பின் டியூசன் என இரவு ஒன்பது மணி வரை அலையும் சிறுவன் மறுநாள் வகுப்பில் உறங்காமல் என்ன செய்வான்? எல்லாப் பாடங்களுக்கும் ஆசிரியரை அமர்த்துவதைவிட, தளர்ந்த ஒரு பாடத்திற்கு மட்டும் அமர்த்துவது பணத்தையும் காக்கும், பிள்ளையையும் காக்கும்.

தேவை உறுதியானபின், ஆசிரியரின் தகுதியை எதைக்கொண்டு அளப்பது? பட்டங்கள் ஓரளவே துணை செய்யும். எடுத்துக்காட்டாக ஒன்றைக் கூறுவோம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், ஐந்தில் இரண்டு என விடை எழுதும் பிள்ளைகள் பலர். மேலெண்களைத் தனியே கூட்டிக் கீழெண்களைத் தனியே கூட்டியதன் விளைவு இது. ஓர் ஆசிரியர் அதனை அடித்துவிட்டு ஆறில் ஐந்து எனத் திருத்தி எழுதுவார். மற்றோர் ஆசிரியர், "இது எப்படி வந்தது, சொல்" என்று கேட்பார். அரையோடு ஒன்றைக் கூட்டிய பின்னும் விடை அரையைவிடக் குறைந்து நிற்பதைப் பிள்ளையே கண்டு வியக்குமாறு செய்வார். இவ்விருவருள் இரண்டாமவரே நாம் தேட வேண்டியவர். ஆறாம் வகுப்பில் திருத்தப்படாத இப்பிழை அங்கேயே நின்று விடுவதில்லை. பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகளைக் கூட்டும் இடத்தில் அதே பிழையாக மீண்டும் தலைகாட்டும். அவ்வேளையில் பத்தாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்துவது, அடித்தளம் விரிசலுற்ற வீட்டிற்கு வெள்ளையடிப்பதை ஒக்கும். எனவே, முதல் வாரத்தில் பாடத்தைத் தொடங்கும் ஆசிரியரைவிட, முதல் வாரம் முழுதும் பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என வினவும் ஆசிரியரையே நாம் மேலாகக் கருதுகின்றோம்.

ஆசிரியரை எடைபோடும் முறையை நம் முன்னோர் என்றோ வகுத்து வைத்துள்ளனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை காட்டுகின்றது. ஆசிரியராகத் தகாதோருக்கும் நான்கு உவமைகள் அங்கே உள்ளன. தேர்வுக்குரிய வினாவென்று அவற்றை மனனம் செய்த நாம், டியூசன் ஆசிரியரைத் தேடும்போது ஏனோ நினைவுகூர்வதில்லை. கழற்காய்களை இட்டு வைத்த குடத்தைக் கவிழ்த்தால், இட்ட வரிசையில் அவை வெளிவருவதில்லை. இன்று கணிதம், நாளை அறிவியல், தேர்வுக்கு முதல்நாள் எல்லாம் என்று முறையின்றிக் கொட்டும் ஆசிரியர் அத்தகையவர். மடற்பனையோ தானாகக் கனியை வீழ்த்தினால் உண்டு. ஏறிப் பறிக்க விடாது. தாம் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஐயம் கேட்டால் சீற்றம் என்றிருப்போர் இவ்வினத்தார். பஞ்சு அடைத்த குடுக்கையை ஒத்தோர் அரிதின் முயன்று கற்றிருப்பர்; கற்றதைப் பிறர்க்கு எளிதாக வழங்க அவர்க்கு இயலாது. உயர்ந்த பட்டமும் பெரிய பெயரும் உடைய சிலரிடம் பிள்ளைகள் ஏன் தேறுவதில்லை என்பதற்கு இவ்வுவமையினும் தெளிவான விடை கிடைப்பது அரிது.

நான்காவது முடத்தெங்கு. ஒருவன் நீர்விட்டு வளர்க்க, வேலிக்கு அப்பால் வளைந்து அயலானுக்குக் காய் தருவது. வகுப்பறையில் சுருக்கமாக முடித்த பாடத்தை மாலையில் தம் வீட்டிற்கு வருவோர்க்கு மட்டும் விரிவாக நடத்தும் பள்ளியாசிரியரை இவ்வுவமைக்குள் அடக்குவது பிழையாகாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 28ஆம் பிரிவில், பள்ளி ஆசிரியர்கள் தனிப்பயிற்சியில் ஈடுபடுதலைத் தடை செய்கின்றது. ஆதலின், பிள்ளையின் வகுப்பாசிரியரையே டியூசனுக்கு அணுகும் வழக்கத்தைப் பெற்றோர் கைவிடல் வேண்டும். அவரிடம் கேட்டுப் பெறவேண்டியது வகுப்பறையிலேயே கிடைக்க வேண்டியதாகும்.

பயிற்சி நிலையங்கள் குறித்து மத்திய அரசு 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதினாறு வயது நிரம்பாதோரைச் சேர்த்தல் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஆயினும் அந்நெறிகள் ஐம்பது மாணவருக்கு மேற்பட்ட நிலையங்களையே கருதுகின்றன. வீட்டுத் திண்ணையில் பத்துப் பேருக்குப் பாடம் சொல்வோர் அவ்வரையறைக்குள் வாரார். எனவே ஆராயும் பொறுப்புப் பெற்றோரையே சாரும். பயிற்சி நடைபெறும் அறை கதவு திறந்ததாய், வீட்டார் நடமாட்டம் உள்ளதாய் இருத்தல் வேண்டும். பெற்றோர் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்க்க இயலுதல் வேண்டும். இதனைக் கேட்க எவரும் கூச வேண்டுவதில்லை. நல்லாசிரியர் இதற்கு முகம் சுளிக்கவும் மாட்டார்.

அருகிலேயே ஆசிரியர் கிடைப்பது சிறிய செய்தியன்று. பத்தாம் வகுப்பில் கணிதம் ஒன்றில் தவறிய பெண், அவ்வாண்டே நடைபெறும் துணைத்தேர்வை எழுதித் தேறலாம். ஆனால் பயிற்சி தரும் ஆசிரியர் இரண்டு பேருந்து மாறிச் செல்லும் தொலைவில் இருப்பாராயின், இருட்டிய பின் யார் அழைத்து வருவது என்ற ஒரு கேள்வியிலேயே அவள் படிப்பு நின்றுவிடுகின்றது. மதிப்பெண் பட்டியல் முடிவு செய்யாததைப் பேருந்து முடிவு செய்கின்றது! இத்தகைய வீடுகளுக்கு மிக அருகில் உள்ள ஆசிரியர் யார்? அதே தெருவில் கல்லூரியில் பயிலும் மாணவியே ஆவார். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டதன் பின்னர், 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அவர்தம் வீட்டருகே தன்னார்வலர்களைக் கொண்டு மாலையில் பாடம் சொல்லித்தர ஏற்பாடு செய்தது. தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ முடித்தோரே போதும் எனக் கொள்ளப்பட்டது.

சொல்லித் தருவோர்க்கும் இதில் ஊதியம் உண்டு. பணத்தை மட்டும் கூறவில்லை. ஆசிரியர் உரைப்பதைக் கேட்பதால் கல்வி காற்பங்கே வரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கும் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் என்பது நன்னூலார் கணக்கு. நம் கல்லூரி மாணவர்கள் இக்கணக்கைச் சோதித்துப் பார்க்கலாம். ஊர்ப் பெரியோர் மாலை வேளையில் வெறுமனே கிடக்கும் மண்டபம் ஒன்றைத் திறந்துவிட்டு, இரண்டு குழல்விளக்குகளுக்கும் ஒரு கரும்பலகைக்கும் பொறுப்பேற்பாராயின், துணைத்தேர்வு எழுதும் பெண்கள் பேருந்து ஏற வேண்டியிராது.

கட்டணத்தைப் பற்றிச் சிறிது. மாதக் கட்டணம் எவ்வளவு, விடுப்பு நாட்களுக்குக் கழிவு உண்டா என்பனவற்றைத் தொடக்கத்திலேயே பேசிவிடுதல் நலம். பின்னர் மனக்கசப்பு நேராது. ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை. முதல் மாதத்தைச் சோதனைக் காலமாகக் கொண்டு, மாத இறுதியில் பிள்ளையின் பயிற்சி ஏட்டை விரித்துப் பார்த்தல் வேண்டும். ஏடு முழுதும் அழகிய விடைகள் நிறைந்து, ஓர் அடித்தல் திருத்தலும் இல்லையெனில், அவை கரும்பலகையைப் பார்த்து எழுதியவையாக இருக்கக்கூடும். அவற்றுள் ஒரு கணக்கை வேறு தாளில், எண்களை மாற்றிக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயாரும், "இதை எனக்குச் சொல்லிக் கொடு" என்று பிள்ளையைக் கேட்கலாம். தடையின்றிச் சொல்கிறதா, தடுமாறுகிறதா என்பதை அவர் முகத்தைப் பார்த்தே அறிந்து கொள்வார்.