ஒரே மாதத்தில் நாவல்: 30 நாள் எழுத்தைத் தீர்மானிப்பது முந்தைய மாதத் தயாரிப்பு

மும்பை: ஒரு நாவலின் முதல் வரைவை நவம்பர் மாதத்தின் 30 நாள்களுக்குள் எழுதி முடிக்கும் வழக்கம் கால் நூற்றாண்டாகப் பல நாடுகளில் இருந்து வருகிறது. இதை நடத்திவந்த அமெரிக்க அமைப்பு மூடப்படுவதாக 2025-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டபோதிலும், தனிநபர்களும் சிறு குழுக்களும் இம்முயற்சியைக் கைவிடவில்லை.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் மும்பைத் தமிழர்கள் தங்கள் கதையை இம்முறையில் எழுத விரும்பினால் எவ்வாறு தயாராக வேண்டும் என்பதை இங்கே காணலாம்.

21 பேருடன் தொடக்கம்

1999-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவர் நண்பர்களுடன் சேர்ந்து இந்தப் பழக்கத்தைத் தொடங்கினார். பங்கேற்றவர்கள் 21 பேர். அடுத்த ஆண்டு முதல் நவம்பர் மாதத்துக்கு மாற்றப்பட்ட இந்நிகழ்வு, 'நானோரைமோ' என்ற சுருக்கப் பெயரில் உலகெங்கும் பரவியது. இலக்கு 50,000 சொற்கள். அதாவது நாளொன்றுக்குச் சுமார் 1,667 சொற்கள்.

செயற்கை நுண்ணறிவு குறித்து 2024-இல் அவ்வமைப்பு வெளியிட்ட நிலைப்பாடு எழுத்தாளர்களிடையே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, 2025 மார்ச் இறுதியில் தனது செயல்பாடுகளை நிறுத்துவதாக அது அறிவித்தது.

எரின் மார்கன்ஸ்டர்னின் 'தி நைட் சர்க்கஸ்' நாவலின் தொடக்க வரைவு இந்த நவம்பர் முயற்சியில் உருவானதே. எனினும் பலமுறை திருத்தி எழுதப்பட்ட பின்னரே அது 2011-இல் நூலாக வெளிவந்தது. ஒரு மாதத்தில் கிடைப்பது நூல் அல்ல, நூலுக்கான மூலப்பொருள் மட்டுமே என்பதை இது உணர்த்துகிறது.

வேகத்தின் பின்னணி

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி 'சூதாடி' நாவலை 1866 அக்டோபரில் 26 நாள்களில் முடித்தார். நவம்பர் 1-ஆம் தேதிக்குள் நாவலை ஒப்படைக்காவிட்டால் தமது படைப்புகளின் உரிமையை 9 ஆண்டுகளுக்குப் பதிப்பாளரிடம் இழக்க நேரிடும் என்ற ஒப்பந்தம் அவரை நெருக்கியது. அவர் சொல்லச் சொல்ல, அன்னா என்ற இளம்பெண் சுருக்கெழுத்தில் எழுதினார். ஆனால் அக்கதையின் கரு 1863 முதலே அவர் மனத்தில் இருந்தது. சூதாட்ட மேசையையும் அவர் நேரில் அறிந்திருந்தார்.

நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோ, 1987-இல் 'தி ரிமெயின்ஸ் ஆஃப் த டே' நாவலின் வரைவை நான்கு வாரங்களில் எழுதினார். ஞாயிறு நீங்கலாக நாள்தோறும் காலை 9 மணி முதல் இரவு 10.30 மணி வரை, உணவு இடைவேளைகள் தவிர, வேறெதிலும் ஈடுபடாமல் எழுதியதாக அவர் பின்னர் தெரிவித்துள்ளார். பிரிட்டிஷ் இல்லப் பணியாளர்களின் வாழ்க்கை பற்றிய வாசிப்பை அதற்கு முன்பே அவர் முடித்திருந்தார்.

காலக்கெடுவுக்குள் எழுதுவது தமிழுக்கும் புதிதல்ல. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் வாரத் தொடராக வெளிவந்தது. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் போன்றோர் மாத நாவல்களைத் தொடர்ந்து எழுதினர். ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை 'வெண்முரசு' நாவல் வரிசையை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளியிட்டார்.

தமிழில் எத்தனை சொற்கள்?

50,000 என்ற இலக்கு ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழில் வேற்றுமை உருபு, காலம், பால், எதிர்மறை ஆகியவை ஒரே சொல்லுக்குள் இணைகின்றன. 'வராதவர்களுக்காகவும்' என்ற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் கூறப் பல சொற்கள் தேவைப்படும். எனவே அதே அளவு கதையைத் தமிழில் குறைந்த சொற்களில் சொல்லிவிடலாம்.

நாளொன்றுக்கு 1,000 சொற்கள் என்றால் 30 நாள்களில் 30,000 சொற்கள் கிடைக்கும். சிறிய நாவல் ஒன்றுக்கு இது போதுமானது. பண்டிகை, உடல்நலக் குறைவு, கூடுதல் பணி ஆகியவற்றுக்காக 5 நாள்களை ஒதுக்கினால், மீதமுள்ள 25 நாள்களில் தலா 1,200 சொற்கள் எழுத வேண்டியிருக்கும். தீபாவளி நவம்பரில் வரும் ஆண்டுகளில் இக்கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

மும்பையில் காத்திருக்கும் கதைகள்

நாஞ்சில் நாடன் பம்பாயில் பணிபுரிந்த காலத்தில்தான் எழுதத் தொடங்கினார். வேலை தேடி அந்நகருக்கு வரும் பட்டதாரி இளைஞனைப் பற்றிய அவரது 'மிதவை' நாவல் 1986-இல் வெளிவந்தது. அம்பை பல்லாண்டுகளாக மும்பையில் வாழ்ந்து எழுதி வருகிறார். ஆயினும் தமிழகத்தில் பலருக்குத் தாராவி 'நாயகன்' (1987), 'காலா' (2018) ஆகிய திரைப்படங்களின் வழியாகவே அறிமுகம்.

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் தாராவியில் உள்ளனர். மாட்டுங்காவில் அலுவலகப் பணிகளுக்காகக் குடியேறிய குடும்பங்கள், 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் உருவாகக் காரணமாயின. செம்பூரை ஒட்டிய டிராம்பேயில் அணுசக்தி ஆய்வு மையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அமைந்தன. சில கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று வேறுபட்ட தமிழ் வாழ்க்கைகள் உள்ளன.

இவற்றுள் தாராவி வேகமாக மாறி வருகிறது. மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பதை நிரூபிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. ஏனைய பலர் தாராவிக்கு வெளியே செல்ல வேண்டியிருக்கும். தெருக்கள் மாறிய பிறகு, அவை எப்படி இருந்தன என்பதை நினைவிலிருந்து மட்டுமே எழுத முடியும்.

அக்டோபரில் செய்ய வேண்டியவை

கதையை இரண்டு வாக்கியங்களில் எழுதுதல்: யார், எதை விரும்புகிறார், எது தடுக்கிறது என்பது தெளிவாக வேண்டும். எடுத்துக்காட்டாக, '1996-இல் தாராவிக்கு வந்த ஒருவர் தமது பழைய ரேஷன் அட்டையைத் தேடுகிறார். அது கிடைக்காவிட்டால் அவரது குடும்பம் பிரிய நேரிடும்' என்பது ஒரு நாவலுக்குப் போதிய கரு.

பெரியவர்களிடம் கேட்டல்: 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்ற கேள்விக்குப் பொதுவான பதிலே கிடைக்கும். முதல் மாத வாடகை எவ்வளவு, எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தீர்கள், ஊருக்குக் கடிதம் எழுதித் தந்தவர் யார் என்று கேட்டால் காட்சிகள் கிடைக்கும். அனுமதி பெற்றே குரலைப் பதிவு செய்ய வேண்டும். நாவலில் பெயர்களை மாற்ற வேண்டும்.

இடங்களைப் பார்த்தல்: 90 அடிச் சாலையும் மாட்டுங்கா பூக்கடைகளும் காலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கதை நிகழும் நேரத்தில் நேரில் சென்று குறிப்பெடுப்பது பயன் தரும்.

பேச்சு மொழியைத் திரட்டுதல்: ஒற்றை அறை வீட்டைக் 'கோலி' என்றும் தெருமுனையை 'நாக்கா' என்றும் அரைக் கோப்பைத் தேநீரைக் 'கட்டிங்' என்றும் கூறுவது மும்பைத் தமிழ். உரையாடலில் இச்சொற்களை விலக்கத் தேவையில்லை.

30 காட்சிகளின் பட்டியல்: நாளுக்கு ஒரு காட்சி என ஒற்றை வரியில் குறித்துவைத்தால், ஒவ்வொரு நாளும் எங்கிருந்து தொடங்குவது என்ற தயக்கம் குறையும்.

நேரத்தையும் இடத்தையும் உறுதி செய்தல்: ஐந்தாறு பேர் வாழும் ஒற்றை அறையில் தனிமேசை சாத்தியமில்லை. அதிகாலை நேரம், நூலக வாசிப்பறை, புறநகர் ரயில் பயணம் ஆகியவற்றில் எது கைகூடும் என்பதை முன்பே ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம். தமிழ் பேசத் தெரிந்தும் எழுதிப் பழகாத மும்பை இளைஞர்கள், கைப்பேசியின் குரல்வழித் தட்டச்சு வசதியைப் பயன்படுத்தலாம். எழுதியதை அன்றாடம் இரண்டாவது இடத்திலும் சேமிப்பது அவசியம்.

எழுதும் மாதத்தில்

நவம்பர் தொடங்கியபின் முன்பு எழுதிய பக்கங்களைத் திருத்துவதில்லை என்பதே அடிப்படை விதி. ஒரு தகவல் தெரியாவிட்டால் அவ்விடத்தில் குறியிட்டுவிட்டு மேலே செல்ல வேண்டும். இரண்டு நாள்கள் தவறினால் விடுபட்டதை ஒரே இரவில் ஈடுகட்ட முயலாமல், எஞ்சிய நாள்களுக்குப் பகிர்ந்துகொள்வது நடைமுறைக்கு உகந்தது.

மாத இறுதியில் கைக்கு வரும் வரைவில் பிழைகளும் முரண்களும் நிறைந்திருக்கும். அதைச் சில வாரங்கள் ஒதுக்கி வைத்துவிட்டுப் பின்னர் திருத்தத் தொடங்கலாம். வரைவு பாதியில் நின்றுவிட்டாலும், பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தவை வீணாவதில்லை. அடுத்த முயற்சிக்கு அவையே தொடக்கமாக அமையும்.