சிபாயிஷ் என்னும் நாணலூர்



ஈராக் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மிற் பலருடைய மனக்கண்ணில் எழுவன இரண்டே காட்சிகள். ஒன்று மணற்பரப்பு, மற்றையது போர். இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட சிற்றூர் இவ்விரண்டினுள்ளும் அடங்காதது. அது நீரிலே பிறந்த ஊர். தென் ஈராக்கில், நாசிரியா நகரத்துக்கும் குர்னா என்னும் ஊருக்கும் இடையே, யூப்பிரத்தீஸ் ஆற்றின் கரையிலே அது அமைந்திருக்கின்றது. சிபாயிஷ் என்பது அதன் பெயர்.

பெயரிலேயே ஊரின் வரலாறு இருக்கின்றது. நாணலையும் சேற்றையும் மாறி மாறி அடுக்கி, மிதித்து இறுக்கி, நீர்மட்டத்துக்கு மேலே ஒரு வீடு நிற்குமளவுக்கு உயர்த்திய மேட்டை அந்நாட்டு மக்கள் சிபாஷா என்பர். அவ்வாறான மேடுகள் பல சேர்ந்தமையால் ஊர் சிபாயிஷ் ஆயிற்று. நிலத்தைத் தேடிச் சென்று குடியேறியவர் உலகில் எத்தனையோ பேர். நிலத்தையே தாம் செய்து, அதன்மேற் குடியிருந்தவர் இம்மக்கள். ஆண்டுதோறும் வெள்ளம் ஏறும்போது மேலும் நாணல் வெட்டிப் போட்டு மேட்டை உயர்த்துவது அவர்களுடைய வழக்கம். இன்றைய சிபாயிஷில் செங்கற் கட்டடங்களும் தார் வீதியும் மின்கம்பங்களும் உள. ஆயினும் ஊரின் விளிம்பைத் தாண்டினால் வாய்க்கால்களும் நாணற் காடுமே.

பல ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று, இரு நதிகளுக்கு இடைப்பட்ட நாட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் யான். சுமேரியர், ஊர் நகரம், உருக் நகரம், களிமண் ஏடுகள் என்று வாய் ஓயாமற் சொல்லியிருக்கின்றேன். பாடப்புத்தகத்தில் எழுதப்படாத ஒன்றை 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் கண்டேன். பஸ்ராவிலே பொறியியலாளராகப் பணிபுரியும் என் பழைய மாணவன் ஒருவன் பன்முறை வற்புறுத்தி அழைத்தமையாற் சென்றேன். சித்திரைக்குப் பின்னர் அங்கு போதல் அறிவன்று. கோடையில் வெப்பம் ஐம்பது பாகை செல்சியசை எட்டிப்பிடிக்கும். மாரிகாலத்திலோ காலையிற் குளிர்காற்று வீசும்; வடதிசையிலிருந்து வலசை வந்த பறவைகளையும் நாணலிடையே காணலாம். வழியிற் காவற்சாவடிகள் பல. கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருப்பது நலம். பயண ஏற்பாட்டைப் பற்றி இவ்வளவு போதும்.

ஊரைப் பற்றிச் சொல்லப் புகுமுன் முதிஃப் என்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். முதிஃப் என்பது விருந்தினர் மண்டபம். குலத்தலைவரோ வசதியுள்ள குடும்பமோ அதனைக் கட்டி வைத்திருக்கும். அதில் ஓர் ஆணி இல்லை; மரத்தூண் இல்லை; செங்கல் இல்லை. முழுவதும் நாணலே. ஆளினும் பன்மடங்கு உயரமாய் வளர்ந்த நாணல்களைப் பெருங்கட்டுகளாகக் கட்டுவர். அடிப்பாகம் ஒருவர் கையால் அணைக்க இயலாத பருமன். நுனி செல்லச் செல்ல ஒடுங்கும். இரு வரிசையாகக் குழி தோண்டி, கட்டுகளைச் சற்று வெளிப்புறமாகச் சாய்த்து நடுவர். பின்னர் எதிரெதிர் நிற்கும் கட்டுகளின் நுனிகளை உட்புறமாக வளைத்து இழுத்து, ஒன்றோடொன்று பிணைப்பர். வெளியே சாய விரும்பும் கட்டினை உள்ளே வளைத்தமையால், வில்லுக்கு நாணேற்றினாற் போன்ற விறைப்பு அந்த வளைவுக்கு உண்டாகின்றது. அந்த விறைப்பே கூரையைத் தாங்குகின்றது. வளைவுகளின்மேல் மெல்லிய கட்டுகளைக் குறுக்கே வரிந்து, நாணற்பாய்களைப் போர்த்திவிட்டால் மண்டபம் முடிந்தது. இரு முகப்புகளிலும் பின்னல் வேலைப்பாடுள்ள நாணற் சாளரங்கள். அவற்றின் வழியே காற்றும் ஒளியும் வரும். வளைவுகளின் தொகை ஒற்றைப்படையாக இருத்தல் மரபு. ஐந்து, ஏழு, ஒன்பது என்று அமைப்பர். செல்வமும் செல்வாக்கும் மிக்கவர் பதினைந்து, பதினேழு என்று வைத்ததும் உண்டு.

இக்கட்டடக்கலை எவ்வளவு பழைமையானது? உருக் நகரத்து இடிபாடுகளுக்கு உரியதெனக் கருதப்படும் ஒரு கற்தொட்டி இலண்டன் நூதனசாலையில் இருக்கின்றது. கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதில் ஆடுகள் சூழ்ந்து நிற்க, நடுவே ஒரு நாணற் குடில் செதுக்கப்பட்டிருக்கின்றது. அந்தச் சிற்பத்தையும் இன்றைய நாணற் கட்டடத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு விளக்கம் தேவையில்லை. வள்ளமும் அவ்வாறே. ஊர் நகரத்தை 1922 முதல் 1934 வரை அகழ்ந்த லெனாட் வூலி அங்கே அரச கல்லறைகளில் வெள்ளியாற் செய்த சிறு வள்ளமொன்றைக் கண்டெடுத்தார். இரு முனையும் மேலெழுந்து ஒடுங்கிய அதன் வடிவத்தை, அடியில் நிலக்கீல் பூசி இம்மக்கள் செலுத்தும் மஷ்ஹூஃப் என்னும் ஒடுங்கிய வள்ளத்தில் இன்றும் காணலாம். இப்பொழுது பின்புறத்தில் இயந்திரம் பூட்டியிருக்கின்றார்கள். அதன் இரைச்சல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஊரின் எல்லையில் இருந்த ஒரு முதிஃபுக்கு என் மாணவன் என்னை அழைத்துச் சென்றான். வாயில் தாழ்வானது, குனிந்துதான் நுழையவேண்டும். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று, இருந்தவர்களுக்கு ஸலாம் சொல்லி, சுவரோரமாக விரித்த பாயில் அமர்ந்தோம். எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் வீட்டுக்காரர். எல்லோரும் அவரை ஹஜ்ஜி என்றழைத்தனர். யானும் அவ்வாறே அழைத்தேன். நடுவில் அடுப்பு, அதனைச் சுற்றிக் கூர்மூக்குக் கோப்பிக் கெண்டிகள். பிடியற்ற சிறு கோப்பையில் அடி மட்டும் நனையும்படி கோப்பி ஊற்றித் தந்தார்கள். கறுத்தது, சீனியற்றது, கைப்போ கடுமையானது. வலக்கையால் வாங்கிக் குடித்து, நன்றி சொல்லிக் கோப்பையை நீட்டினேன். மீண்டும் ஊற்றினார்கள். மறுத்தல் மரியாதையன்று என்றெண்ணிக் குடித்தேன். மீண்டும் ஊற்றினார்கள். ஐந்தாம் முறை என் முகம் போன போக்கைக் கண்ட மாணவன், “சேர், கோப்பையைக் கொஞ்சம் ஆட்டிக் கொடுங்கோ. அதுதான் போதும் என்பதற்கு அடையாளம்” என்றான். “இதனை முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்றேன். ஆட்டினேன்; ஹஜ்ஜி நகைத்தார். அதன்பின் வந்தது தேநீர். சிறு கண்ணாடிக் குவளையில், அடியிற் பாதிவரை சீனியிட்டுத் தந்தார்கள். நம் நாட்டுத் தேயிலையை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் ஈராக்கும் ஒன்று. நான் பெருமையோடு கொண்டுபோன பொதியை நீட்டியபோது, ஹஜ்ஜி அடுப்பங்கரையிலிருந்த தம் பேணியைத் திருப்பிக் காட்டினார். அதிலும் இலங்கையின் பெயரே இருந்தது.

முதிஃபின் வேலை உபசரிப்பு மட்டுமன்று. ஊர் வழக்குகள் அங்கேதான் பேசித் தீர்க்கப்படும். குலங்களுக்கிடையே இரத்தப் பழி நேர்ந்தால், இரு பக்கத்தாரும் முதிஃபிற் கூடி, ஈட்டுத்தொகையை முடிவு செய்து பகையை முடிப்பர். வந்த விருந்தினனை மூன்று நாள்வரை ‘நீ ஏன் வந்தாய்’ என்று கேட்கலாகாது என்பது அரபுக் குலங்களின் பழைய நெறி. வில்பிரட் தெசிகர் என்னும் ஆங்கிலேயர் 1951 முதல் 1958 வரை ஆண்டில் பல மாதங்களை இச்சதுப்பு நிலங்களிற் கழித்தவர். 1964இல் அதனை நூலாக எழுதினார். ஊரூராகச் சென்று அவர் தங்கியது இம்மண்டபங்களிலேயே. விடுதி என்பதே இல்லாத நாட்டில், அந்நியன் ஒருவன் பசியின்றி, அச்சமின்றி நடமாட இயன்றமைக்கு முதிஃபே காரணம். ஆகையால் இதனை வெறும் நற்குணம் என்று சொல்லிவிடல் ஆகாது. நீரும் நாணலும் சூழ்ந்த இடத்தில் மக்கள் தம் பாதுகாப்புக்காக வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. பயணியாகச் செல்பவர் அங்கே பணத்தை நீட்டுதல் பெரும் பிழை.

காலையிற் சந்தைக்குச் சென்றால் பெண்கள் எருமைப் பாலாடையைத் தட்டுகளில் வைத்து விற்பதைக் காணலாம். கைமர் என்பர். பாலை மெதுவாகக் காய்ச்சி ஆறவைத்து, மேலே திரண்ட தடித்த ஆடையை எடுப்பர். பேரீச்சம் பாகு ஊற்றி, சூடான ரொட்டியோடு அதனை உண்டால் வேறு சிற்றுண்டி வேண்டியதில்லை. அரிசி மாவிலே ரொட்டி சுடுவதும் அங்குண்டு. நண்பகலில் மீன், முதுகுப்புறமாகப் பிளந்து விரித்து, நெருப்பருகே நிறுத்தி வாட்டுவர். உண்ணும் உணவு, இருக்கும் வீடு, எரிக்கும் விறகு, விற்கும் பாய், எருமைக்கு இடும் தீனி எல்லாம் நீரிலிருந்தும் நாணலிலிருந்தும் வருவன.

அந்த நீரைத்தான் ஒரு காலத்தில் அரசே பகையாக எண்ணியது. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரின் முடிவில், சதாம் ஹுசைன் ஆட்சிக்கு எதிராகத் தென் ஈராக்கிற் கிளர்ச்சி எழுந்தது. அது அடக்கப்பட்டபின் கிளர்ச்சிக்காரர் பலர் நாணற் காடுகளுட் புகுந்தனர். காட்டிலே ஒளிந்தவரைப் பிடிக்கக் காட்டையே அழிப்பது என்று அரசு துணிந்தது. அணைக்கரைகளும் பெருங்கால்வாய்களும் அமைத்து, ஆற்று நீர் சதுப்பு நிலத்துக்குட் செல்லாதபடி திருப்பினர். ஊர்கள் எரிக்கப்பட்டன. பல்லாயிரவர் நகரங்களுக்கும் ஈரானுக்கும் ஓடினர். முன்னர் 15,000 முதல் 20,000 சதுர கிலோமீற்றர் வரை பரந்திருந்த சதுப்பு நிலத்திற் பத்தில் ஒன்பது பங்கு அழிந்துவிட்டது என்பதை, ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் செய்மதிப் படங்களைக்கொண்டு 2001இல் உலகுக்கு அறிவித்தது. ஐயாயிரம் ஆண்டு நிலைத்த வாழ்வைப் பத்தாண்டு போதும் அழிப்பதற்கு என்று அன்று பலர் கைவிட்டனர்.

ஆனால் 2003இல் அவ்வாட்சி வீழ்ந்ததும், எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல், ஊர் மக்களே மண்வெட்டியோடும் கிடைத்த இயந்திரங்களோடும் சென்று அணைக்கரைகளை உடைத்தார்கள். வெடித்துக் கிடந்த மண்ணில் நீர் பாய்ந்தது. சில மாதங்களில் நாணல் தளிர்த்தது, மீன் வந்தது, பறவை வந்தது, பின்னர் எருமைகளோடு மனிதரும் வந்தனர். அமெரிக்காவிற் குடியேறியிருந்த அஸ்ஸாம் அல்வாஷ் என்னும் ஈராக்கியப் பொறியியலாளர் தாயகம் திரும்பி, இம்மீட்சிக்காக ஓர் அமைப்பை நிறுவி உழைத்தார். 2013இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றாடற் பரிசு கிடைத்தது. 2016இல் இச்சதுப்பு நிலங்களும் ஊர், உருக், எரிது என்னும் பழம்பதிகளும் ஒருங்கே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

கதை அவ்வளவில் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். நான் சென்றபோது எங்கள் வள்ளம் சென்ற வாய்க்கால் ஒடுங்கிக் கிடந்தது. இரு பக்கமும் சேறு காய்ந்து, அதன்மேல் உப்புப் பூத்திருந்தது. யூப்பிரத்தீஸ் ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர் நீளமுடைய ஆறு. துருக்கி மலைகளிற் பிறந்து, சிரியாவைக் கடந்து, ஈராக் முழுவதையும் கடந்தபின்னரே சிபாயிஷை அடைகின்றது. மேலே துருக்கியிலும் சிரியாவிலும் பேரணைகள் உள. ஈராக்கினுள்ளேயும் நகரங்களும் வயல்களும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. வயல்களில் வீணாவதும் கொஞ்சமன்று. குற்றம் முழுவதையும் அயல்நாட்டின் தலையிற் போடுதல் நியாயமன்று. தைகிரீஸ் ஆற்றின் கதையும் வேறன்று. 2021 முதல் மழையும் பொய்த்தது. எல்லோரும் எடுத்தபின் எஞ்சியதே கடைமடைக்கு. நீர் குறையக் குறைய அதன் உவர்ப்பு ஏறும், உவர்நீரைக் குடித்த எருமை நோயுறும், பால் வற்றும். பிறகு குடும்பம் எருமையை விற்கும், அல்லது நீர் தேடி வேறிடம் பெயரும்.

மாலையில் மீண்டும் முதிஃபில் இருந்தோம். ஹஜ்ஜி என்னை நோக்கி ஒரு வினா எழுப்பினார்; மாணவன் மொழிபெயர்த்தான். “உங்கள் நாட்டின் பெரிய ஆறு எந்த நாட்டிலிருந்து வருகின்றது?”

மகாவலி கங்கை எங்கள் மலையிலேயே பிறந்து எங்கள் கடலிலேயே சேர்கின்றது, வேறெந்த நாட்டையும் அது கண்டதில்லை என்றேன். மாணவன் அதனை அரபியிற் சொல்லி முடித்ததும் அங்கிருந்தோர் ஒருவரையொருவர் பார்த்தனர். ஹஜ்ஜி சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “அப்படியானால் நீங்கள் யாரிடமும் கேட்கத் தேவையில்லை” என்றார். எங்கள் வாய்க்காற் சண்டைகளைப் பற்றி நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றும் எண்ணுகின்றேன்.

வெளியே எருமைகள் கரையேறும் ஓசை கேட்டது. நான் அண்ணாந்து மண்டபத்தின் வளைவுகளை எண்ணினேன்; ஏழு. என் பார்வையைக் கவனித்த ஹஜ்ஜி, தந்தையார் காலத்திற் பதினொன்று இருந்தது என்றார். இப்பொழுது உயரமான நாணல் இங்கே வளர்வதில்லை. உவர்நீரில் அது இடுப்பளவோடு நின்றுவிடுகின்றதாம். இந்த ஏழு வளைவுகளுக்கான நாணலையும் தொலைவிலுள்ள வேறொரு சதுப்பு நிலத்திலிருந்து லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்களாம். ஐந்தாகக் குறைத்திருந்தாற் செலவு மிச்சமாயிருக்குமே என்று என் மாணவன் கேட்டான்.

“ஐந்தென்றால் எல்லோரும் எங்கே உட்காருவது?” என்றார் ஹஜ்ஜி. இரவுச் சாப்பாட்டுக்குப் பாய் விரிக்கும்படி தம் பேரனை அழைத்தார்.