ஏலமலையின் காட்டுக் காசித்தும்பைகள்

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், தமிழகத்தின் தேனி மாவட்ட எல்லைக்கு அருகே அமைந்த மலையூர் சூரியநெல்லி. தேயிலையும் ஏலமும் இப்பகுதியின் முக்கியப் பயிர்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் இங்குள்ள ஓடைக்கரைகளிலும், நீர் கசியும் பாறைச் சரிவுகளிலும், சதுப்பான தாழ்நிலங்களிலும் காட்டுக் காசித்தும்பைகள் தழைத்து மலர்கின்றன. வீட்டு முற்றங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் காசித்தும்பையின் உறவினங்களே இவை. இவற்றைக் களையென்று கருதி வெட்டி எறிவோர் உண்டு. ஆனால் ஏலத் தோட்டத்திற்கு இவை செய்யும் மறைமுக உதவி சிறிதன்று.

நீரை நம்பிய செடி

உலகில் 1000க்கும் மேற்பட்ட காசித்தும்பை இனங்கள் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 100 இனங்கள் காணப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. மூணாற்றின் பெயரையும் ஆனைமுடியின் பெயரையும் அறிவியல் பெயரில் தாங்கிய இனங்களும் உண்டு. இவற்றின் தண்டு நீர் நிறைந்த சதைப்பற்றுடையது. ஈரம் குன்றினால் செடி விரைவில் வாடிவிடும். ஆகவே ஓர் ஊற்று வற்றினால், அதைச் சார்ந்த காசித்தும்பைக் கூட்டமும் அங்கிருந்து மறைகிறது.

பூவும் பூச்சியும்

காசித்தும்பைப் பூவின் பின்புறம் குழல் போன்ற நீட்சி ஒன்று உண்டு. தேன் சுரப்பது அதனுள்தான். குழல் நீண்டு மெலிந்த பூக்களை நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட வண்ணத்துப்பூச்சிகளும், வாய் அகன்ற பூக்களைத் தேனீக்களும் நாடுகின்றன. மகரந்தப் பைகள் ஒன்றுசேர்ந்து சூல்முடியை முதலில் மூடியிருக்கும். தேன் தேடி நுழையும் தேனீயின் முதுகில் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் அம்மூடி உதிர, சூல்முடி வெளிப்படுகிறது. இவ்வமைப்பால் ஒரு பூ தன் மகரந்தத்தையே பெறுவது பெரும்பாலும் தடுக்கப்படுகிறது. வேறு பூவின் மகரந்தத்தைக் கொணரப் பூச்சி தேவைப்படுகிறது. பூச்சிக்கு உணவு, பூவுக்கு விதை என்பதே இங்குள்ள உடன்பாடு.

ஏலத்திற்கு என்ன பயன்?

ஏலப்பூ விடியலில் விரிந்து ஒரே நாளில் வாடிவிடும். அதன் மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்று அதைச் சுமந்து செல்வதில்லை. அந்த ஒரு நாளில் பூச்சி வராவிடில் காய் பிடிப்பது அரிது. 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பயிரிடப்படும் ஏலத்தில் கூட்டமாக வாழும் தேனீக்களும், காட்டு ஏலத்தில் தனித்து வாழும் தேனீக்களும் இப்பணியைச் செய்கின்றன.

ஏலம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் பூப்பதில்லை. அதன் பூ குறையும் காலத்தில் தேனீக்கள் காட்டுப்பூக்களையே நம்ப வேண்டும். மழைக்காலத்திலும் அதையடுத்த மாதங்களிலும் பூக்கும் காசித்தும்பை அவ்வகை உணவுகளுள் ஒன்று. மேலும், தனித்து வாழும் தேனீக்களுள் சில காய்ந்த குச்சிகளிலும், சில மண்கரைகளிலும் கூடமைக்கின்றன. வெட்டித் திருத்தப்படாத ஓடைக்கரை அவற்றுக்கு உணவோடு உறைவிடமும் அளிக்கிறது.

செய்ய வேண்டியவை

மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால் இவ்வட்டாரக் காட்டின் ஒரு பகுதி பாதுகாப்புப் பெற்றுள்ளது. கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டமும், மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளும் ஈரநிலங்களுக்கு அரணாக உள்ளன. ஆயினும் தோட்டத்தினூடே ஓடும் சிற்றோடையின் கரை, நடைமுறையில் தோட்டக்காரரின் கையில்தான் இருக்கிறது.

அவர் செய்யக்கூடியவை எளியவை: ஊற்றுகளையும் சதுப்புகளையும் வடிகால் வெட்டி உலர்த்தாதிருத்தல், ஓடையின் இருமருங்கிலும் சில அடி அகலத்திற்குக் களைக்கொல்லி தெளிக்காது செடிகளை விட்டுவைத்தல், தேனீக்கள் பூவில் உழைக்கும் காலை வேளையில் பூச்சிமருந்து அடிப்பதைத் தவிர்த்தல். வேளாண் விரிவாக்க அலுவலர்கள் உரத்தையும் மருந்தையும் பற்றி அறிவுரை கூறும்போது இவற்றையும் சேர்த்துக் கூறுதல் நலம். ஓடைக்கரையில் விட்டுவைக்கும் சில அடி நிலத்தை இழப்பெனக் கொள்ளாது, அடுத்த பருவத்துக் காய்ப்புக்கான முதலீடாகக் கருத வேண்டும்.